அடிபட்ட பைக்கை நண்பர்களோடு சேர்ந்து மீட்டெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விபத்தில் நசுங்கிய வண்டி, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி, வருஷக்கணக்கில் மூலையில் கிடந்து துருவேறிய வண்டி. இந்த மூன்றில் ஒன்றை வைத்துக்கொண்டு, நண்பர்களைக் கூப்பிட்டு வீட்டிலேயே சரிசெய்யலாமா என்று யோசிப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. தொழில்முறை மெக்கானிக்குகளுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், பொறுமை கொஞ்சம் உண்டு, கூட நாலு பேர் வருவார்கள் என்ற நிலையில் இருப்பவர்களுக்காக எழுதியது.

வண்டி தேறுமா தேறாதா என்று முதலில் எப்படிக் கண்டுபிடிப்பது?

உடைந்த ஹெட்லைட்டையும் ஒடுங்கிய டேங்கையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கண்ணை உறுத்தும் சேதம் பெரும்பாலும் எளிதில் தீர்கிற சேதம்தான். பார்க்க வேண்டியது, வண்டி முழுவதையும் தாங்கும் சட்டமான சேசிஸை. நேருக்கு நேர் மோதிய வண்டியில் ஹேண்டிலின் தண்டு நுழையும் கழுத்துப் பகுதிதான் அதிகமாக அடி வாங்கும். அந்தக் கழுத்துக்குக் கீழே, வெல்டிங் ஓரங்களில், பெயிண்ட் சுருங்கியிருக்கிறதா, மயிரிழையாக வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இரும்பு வளைந்தால் மேலிருக்கும் பெயிண்ட் முதலில் காட்டிக்கொடுத்துவிடும். ஹேண்டிலை முழுக்கத் திருப்பும்போது தடுத்து நிறுத்தும் சின்ன முட்டு ஒன்று இரு பக்கமும் இருக்கும். அது நசுங்கியோ ஒடிந்தோ கிடந்தால், மோதலில், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் தன் எல்லையைத் தாண்டித் திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது நூல் சோதனை. இரண்டு பேர் வேண்டும். வண்டியை நேராக நிறுத்தி, பின் டயரைச் சுற்றி ஒரு நீள நூலைப் போட்டு, இரு முனைகளையும் முன் டயரைத் தாண்டி இழுத்துப் பிடியுங்கள். பின் டயரின் இரு ஓரங்களையும் நூல் லேசாகத் தொட்டபடி போக வேண்டும். முன் டயர் பொதுவாகப் பின் டயரைவிட ஒல்லி என்பதால் இரு பக்கமும் இடைவெளி தெரியும். அந்த இடைவெளி இரு பக்கமும் சமமாக இருந்தால் நல்ல செய்தி. இல்லையென்றால் உடனே பதற வேண்டாம். செயின் அட்ஜஸ்டர் இரு பக்கமும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்துச் சரிசெய்துவிட்டு மறுபடி நூல் பிடியுங்கள். அப்போதும் கோணல் என்றால் பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம், சேசிஸ், ஃபோர்க் மூன்றில் ஒன்று வளைந்திருக்கிறது.

வளைந்த இரும்புச் சேசிஸை அதை அசையாமல் பிடித்து அளந்து நிமிர்த்தும் ஜிக் வைத்திருக்கும் பட்டறையில் நேராக்க முடியும். வீட்டில் ஜாக்கியும் கயிறும் வைத்து முயல்வது வேண்டாம். அலுமினியச் சேசிஸில் விரிசல் விட்டிருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்த உலோகம் தன் பலத்தில் ஒரு பகுதியை இழந்துவிடும். தயாரிக்கும்போது கொடுத்த வெப்பப் பதத்தைப் பட்டறையில் திரும்பக் கொண்டுவருவது எளிதல்ல. அப்படிப்பட்ட வண்டியை நான் பாகங்களுக்காக மட்டுமே வைத்துக்கொள்வேன்.

ஃபோர்க் வளைந்துவிட்டது. பெண்டு எடுத்தால் போதுமா?

உண்மையிலேயே வளைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கீழே விழுந்த பல வண்டிகளில் ஹேண்டில் ஒரு பக்கமும் சக்கரம் ஒரு பக்கமும் பார்க்கும், ஆனால் எதுவும் வளைந்திருக்காது. கிளாம்புகளுக்குள் இரண்டு குழாய்களும் முறுக்கிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். முன் அச்சையும் மட்கார்டு போல்ட்டுகளையும் கிளாம்ப் போல்ட்டுகளையும் லேசாகத் தளர்த்துங்கள். ஒருவர் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்க, இன்னொருவர் ஹேண்டிலை நேராக்கிவிட்டு மறுபடி இறுக்கலாம். கிளாம்பை ஒரேயடியாகத் தளர்த்திவிட்டால் வண்டி குழாயில் வழுக்கிக் கீழிறங்கும், கவனம்.

குழாயே வளைந்திருந்தால் கதை வேறு. உள் குழாயைக் கழற்றித் தடிமனான கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டினால் அடியில் வெளிச்சம் தெரிந்து மறைவதைக் காணலாம். துல்லியமாக அளக்க டயல் கேஜ் வேண்டும். பல தயாரிப்பாளர்களின் சர்வீஸ் கையேடுகள் 0.2 மி.மீ. வரைதான் அனுமதிக்கின்றன. வளைந்த குழாயை நேராக்க முயலாதீர்கள், அதன் பலம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும் என்று எச்சரிக்கும் கையேடுகளும் உண்டு. நேராக்கித் தருகிறேன் என்பவர் கைதேர்ந்தவராகவே இருக்கலாம். ஆனால் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் மொத்த எடையும் வந்து உட்காரும் குழாய் அது. மாற்றிவிடுங்கள்.

ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்த வண்டியை நிமிர்த்தியதும் ஸ்டார்ட் செய்யலாமா?

நிமிர்த்திச் சில நிமிடங்கள் விட்டுவிட்டு, ஆயில் மட்டத்தையும் கிராங்க் கேஸ் கவரில் விரிசல் இருக்கிறதா என்பதையும் பார்த்த பிறகு செய்யலாம். வெகுநேரம் சாய்ந்தே கிடந்திருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றிப் பாருங்கள். சிலிண்டருக்குள் ஆயிலோ பெட்ரோலோ இறங்கியிருந்தால் அந்த வழியாக வெளியே வந்துவிடும். இன்ஜெக்‌ஷன் வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் சாவியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். சாய்ந்ததை உணர்ந்து இன்ஜினை நிறுத்தும் சென்சார் பல வண்டிகளில் அப்படித்தான் விடுபடும்.

எத்தனை நண்பர்களைக் கூப்பிடலாம்? யாருக்கு என்ன வேலை?

கழற்றுவதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. முதல் நாள் எல்லோரும் வருவார்கள். ஆளுக்கொரு ஸ்பேனர் எடுப்பார்கள். மாலைக்குள் வண்டி எலும்புக்கூடாகிவிடும். பூட்டுவதற்குத்தான் யாரும் இருக்க மாட்டார்கள். பாகம் வர நாளாகும், சுத்தம் செய்வது சலிப்பான வேலை, அதற்குள் ஒருவர் ஊர் மாறியிருப்பார், ஒருவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். பாதியில் கைவிடப்பட்டு மூட்டை மூட்டையாகக் கிடக்கும் வண்டிகளைப் பாருங்கள். வேலை தெரியாததால் நின்றவை அவற்றில் குறைவு. ஒரே நாளில் முழுவதும் கழற்றப்பட்டதால் நின்றவையே அதிகம்.

அதனால் நண்பர்களை வண்டிக்காக என்று பொதுவாகக் கூப்பிடாதீர்கள், ஒரு வேலைக்காகக் கூப்பிடுங்கள். இந்த ஞாயிறு முன் சக்கரமும் முன் பிரேக்கும் என்றால், கழற்றுவது, சுத்தம் செய்வது, தேய்ந்ததைக் குறித்துக்கொள்வது, முடிந்தால் அன்றைக்கே திரும்பப் பூட்டுவது வரை அந்த ஒரு வேலைதான். ஆள் வராத வாரத்திலும் வண்டி ஒரு வடிவத்தோடு நிற்கும். அதைப் பார்க்கும்போது உங்களுக்கும் வேலை செய்யத் தோன்றும்.

ஒரு பைக்கைச் சுற்றி உருப்படியாக இரண்டு பேர்தான் வேலை செய்ய முடியும். மூன்றாவது ஆள் விளக்குப் பிடிக்கலாம், குறிப்பு எழுதலாம். நான்காவது ஆள் பேச்சுத் துணை. இன்ஜினைச் சேசிஸிலிருந்து இறக்கும் நாளும் ஏற்றும் நாளும் மட்டும் விதிவிலக்கு. அன்றைக்குப் பலசாலிகள் இருவர் தூக்க, நிதானமான ஒருவர் போல்ட்டைத் துளையில் கோக்க வேண்டும்.

முடிவெடுப்பவர் ஒருவராக இருக்கட்டும். வண்டி யாருடையதோ அவராக இருப்பதே முறை. ஆளுக்கொரு நாட்டாமை செய்தால் ஒரே போல்ட்டை இருவர் இறுக்குவார்கள், இன்னொன்றை யாருமே இறுக்கியிருக்க மாட்டார்கள்.

ஆளைப் பார்த்து வேலையைக் கொடுங்கள். பொறுமைசாலிக்குக் கார்புரேட்டர். வீட்டில் எல்லாவற்றையும் அடுக்கி வைக்கும் பழக்கமுள்ளவருக்குப் பைகளும் பட்டியலும். “இது சரியாத்தான் உட்கார்ந்திருக்கா?” என்று ஓயாமல் கேட்டு எரிச்சல் மூட்டுகிற ஒருவர் எல்லா நட்பு வட்டத்திலும் இருப்பார். அவரைப் பூட்டுகிற நாளில் கட்டாயம் வரச் சொல்லுங்கள்.

கழற்றும்போது எதை எப்படிக் குறித்துவைப்பது?

கை வைப்பதற்கு முன் படம். ஒயர், கேபிள், டியூப் மூன்றும் எதற்குப் பின்னால் போய் எதற்கு முன்னால் வருகின்றன என்பது தெரியும்படி மூன்று கோணங்களில் எடுங்கள். ஒரு மாதம் கழித்து நினைவில் நிற்காத முதல் விஷயம் அதுதான்.

ஜிப் பைகளில் பாகத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. “இடது கவர், நீளம் 3, குட்டை 2, வாஷர் கீழே இருந்தது ஒன்று” என்பதுபோல எழுதுங்கள். இன்ஜின் பக்கக் கவர்களில் ஒரே மாதிரித் தெரியும் போல்ட்டுகள் வெவ்வேறு நீளம் கொண்டவை. நீளமானதைக் குட்டைத் துளையில் போட்டு இறுக்கினால் அடியில் முட்டி அலுமினியம் வெடிக்கும். குட்டையானதை நீளத் துளையில் போட்டால் பிடிப்பு போதாமல் மரை உருவிக்கொள்ளும். இதற்கு எளிய வழி உண்டு. ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, துளை இருக்கும் இடத்தில் குத்தி, அந்தந்த போல்ட்டை அந்தந்த இடத்திலேயே செருகி வையுங்கள்.

பாகத்தைக் கழற்றிய பிறகு போல்ட்டை அதன் துளையிலேயே இரண்டு மரை ஏற்றி வைக்க முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

முழுவதுமாகக் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். சேசிஸுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும், அல்லது சேசிஸே மாற்ற வேண்டும் என்றால் மட்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை, வந்ததே வந்தோம் என்று பிரித்துப் பார்ப்பது வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வதுதான்.

என்னென்ன கருவிகள் கட்டாயம் வேண்டும்?

அந்த மாடலுக்கான சர்வீஸ் கையேட்டை முதல் கருவியாக எண்ணுங்கள். ஓட்டுபவருக்குக் கொடுக்கும் சின்னப் புத்தகத்தைச் சொல்லவில்லை, பட்டறைக்கான கையேட்டைச் சொல்கிறேன். இறுக்க அளவு, தேய்மான எல்லை, ஒயர் நிறங்கள் எல்லாம் அதில்தான் இருக்கும்.

அடுத்து, குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச். அனுபவசாலிக்குக் கைக்கணக்கு உண்டுதான். நான்கு பேர் மாறி மாறிக் கை வைக்கும் வண்டியில் கைக்கணக்கும் நான்கு விதமாக இருக்கும். எல்லாருக்கும் ஒரே அளவு என்று ஆக்குவது இந்தக் கருவிதான்.

பலர் கவனிக்காதது திருப்புளி. ஜப்பானிய வண்டிகளில் இருக்கும் கூட்டல் குறி ஸ்க்ரூ, சாதாரண ஸ்டார் ஸ்க்ரூபோலத் தெரிந்தாலும் அது ஜப்பானியத் தரநிலைப்படி ஆனது. தலையில் ஒரு சிறு புள்ளி இருந்தால் அந்த வகை. சாதாரணத் திருப்புளி அதில் முழுக்க உட்காராமல் வழுக்கித் தலையை வழித்துவிடும். அந்தத் தரநிலைக்கான திருப்புளி ஒன்று வாங்கிவிட்டால் பாதி ஸ்க்ரூக்கள் சண்டை போடாமல் வந்துவிடும். மீதிக்குச் சுத்தியால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவர். மல்டிமீட்டர், நுண்ணிய இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ், உறுதியான ஸ்டாண்ட் ஆகியவையும் சேர்ந்தால் பெரும்பாலான வேலை நடக்கும். இன்ஜின் தண்டோடு சுழன்று மின்சாரம் தரும் மேக்னெட் வீலைக் கழற்ற அதற்கென்றே உள்ள புல்லர் தேவை. சுத்தியால் அடித்தால் உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் பெயர்ந்துவிடும்.

போல்ட் அசையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

பலத்தைக் காட்டும் முன், அது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று உறுதி செய்யுங்கள். சில யமஹா வண்டிகளின் வலது கண்ணாடிபோல, எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டிய இடது மரை வைத்த இடங்கள் உண்டு. பிறகு துரு இளக்கும் ஆயிலை அடித்து ஓர் இரவு விடுங்கள். மறுநாள் தலையில் நேராகச் சில தட்டு. பிறகு இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு, தளர்த்தும் பக்கம் ஒரு நூலளவு என்று மாறி மாறி. அலுமினியத்துக்குள் சிக்கிய இரும்பு போல்ட்டுக்குச் சூடு நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும். பெட்ரோல் டேங்கும் டியூப்பும் வண்டியில் இருக்கும்போது மட்டும் நெருப்பைக் கிட்டே கொண்டுவராதீர்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு முதல் உதவி என்ன?

ஸ்டார்ட் செய்யாமல் இருப்பது. வண்டி வீட்டுக்கு வந்ததும் உதவ வந்தவரில் ஒருவர் ஆர்வக்கோளாறில் பட்டனை அழுத்துவார். அதற்கு முன்பே பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலேறினால் கனெக்டிங் ராடு வளையும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கையாலோ கிக்கராலோ மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். இன்ஜின் ஆயிலை வடியுங்கள். பால் கலந்ததுபோல வந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. புது ஆயிலும் ஃபில்டரும் போட்டுச் சிறிது நேரம் ஓட்டி மறுபடி வடிக்க வேண்டும். ஆயில் தெளிவாக வரும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும், ஆகவே முதல் சுற்றுகளுக்கு விலை குறைந்த ஆயில் போதும். டேங்க், கார்புரேட்டர், ஏர் ஃபில்டர் பெட்டி மூன்றையும் காலி செய்யுங்கள். பிரேக் டிரம், சக்கர பேரிங், ஹேண்டில் சுழலும் பேரிங்கான கோன்செட் ஆகியவற்றில் புகுந்த சேறு உடனே தொந்தரவு தராது. சில மாதம் கழித்து இரைச்சலாக வரும். கிரீஸ் மாற்றாமல் விடாதீர்கள்.

கடல்நீர் என்றால் அவசரம் இன்னும் கூடும். நல்ல தண்ணீரில் முழுக்க அலசி உப்பை நீக்காவிட்டால் ஒயர் கனெக்டர்களுக்குள் பச்சை பூத்துவிடும்.

வருஷக்கணக்கில் நின்ற வண்டி. கிக்கர் இறங்கவே இல்லை. இன்ஜின் போய்விட்டதா?

போயிருக்க வேண்டும் என்பதில்லை. பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். பிளக் துளை வழியாகத் துரு இளக்கும் ஆயிலை ஊற்றிச் சில நாட்கள் ஊறவிடுங்கள். கிக்கர் மேல் ஏறிக் குதிக்கக் கூடாது, கிக்கர் தண்டும் பல்லும்தான் உடையும். கடைசி கியரில் போட்டு, பின் சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். கொஞ்சம் அசைந்தால் மறுபடி ஆயில், மறுபடி பொறுமை.

விடுபட்ட பிறகும் ரிங் ஒட்டிய இடத்தில் சிலிண்டர் அரித்திருக்கக்கூடும். சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பாருங்கள். அளக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து வைக்காவிட்டால் எண் பொய் சொல்லும். குறைவாகக் காட்டினால் சிலிண்டருக்குள் சில சொட்டு ஆயில் விட்டு மறுபடி அளங்கள். எண் ஏறினால் குற்றம் ரிங்கிலோ சிலிண்டர் சுவரிலோ. ஏறவில்லை என்றால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகிக்கலாம்.

டேங்கின் உள்ளே துரு. எப்படி எடுப்பது?

பழைய பெட்ரோலை வடித்து, சோப்புத் தண்ணீரில் நன்றாக அலசி, பெட்ரோல் வாடை போன பிறகே எதையும் தொடங்குங்கள். லேசான துருவுக்குச் சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். ஊறவைத்து வடித்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி அமிலத்தை முறிக்க வேண்டும். அதன் பிறகு தாமதம் கூடாது. ஈரமான வெறும் இரும்பில் சில நிமிடங்களிலேயே புதுத்துரு மஞ்சளாகப் படரும். ஹேர் டிரையரோ வெயிலோ வைத்துக் காயவைத்து, உடனே ஆயில் கலந்த பெட்ரோலைச் சுழற்றிவிடுங்கள்.

கனத்த துருவுக்கு மின்பகுப்பு முறை. சலவை சோடா கரைத்த தண்ணீரை டேங்கில் நிரப்பி, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையை டேங்கிலும், பாசிட்டிவ் முனையை உள்ளே தொங்கவிட்ட சாதாரண இரும்புக் கம்பியிலும் கொடுக்க வேண்டும். கம்பி டேங்கைத் தொடக் கூடாது. எவர்சில்வர் கம்பி கூடவே கூடாது, தண்ணீரில் நச்சான குரோமியம் கலந்துவிடும். ஹைட்ரஜன் வாயு வருவதால் திறந்தவெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள்.

டேங்க் ஓட்டையானதை வெல்டிங் வைக்கலாமா என்று கேட்காதவர் இல்லை. காலியான டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, ஏனென்றால் வெடிப்பது ஆவிதான். அந்த ஒரு வேலையை அதற்கான ஏற்பாடுள்ள பட்டறையிடம் விட்டுவிடுங்கள், நண்பர் எவ்வளவு நன்றாக வெல்டிங் வைத்தாலும்.

ஸ்பார்க் வருகிறது, பெட்ரோலும் இருக்கிறது. ஆனால் சோக் போட்டால்தான் ஓடுகிறது. ஏன்?

பெரும்பாலும் பைலட் ஜெட் அடைத்திருக்கும். நின்று கெட்ட பெட்ரோல் கார்புரேட்டருக்குள் கோந்தாக உறையும், முதலில் அடைவது அந்த நுண்துளைதான். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சுத்தமான வட்டம் தெரிய வேண்டும்.

ஒயரிங்கை எலி கடித்திருக்கிறது. முழு செட்டும் மாற்ற வேண்டுமா?

கடித்த இடம் ஒன்றிரண்டு என்றால் அதே தடிமன் ஒயரை இணைத்துச் சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் உறை போட்டால் போதும். இன்சுலேஷன் மொறுமொறுவென்று உடைகிறது என்றால் முழு செட்டையும் மாற்றுவதுதான் மலிவு. ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால் பெரிய ஃபியூஸ் போட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். ஃபியூஸ் எரியாவிட்டால் ஒயர் எரியும்.

வேலை முடிந்ததும் பேட்டரியை அளங்கள். சாதாரண லெட் ஆசிட் பேட்டரி நிறைந்த நிலையில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டால் 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். 15ஐத் தாண்டினால், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பாருங்கள்.

பிரேக் வேலையை நண்பரிடம் விடலாமா?

விடலாம், ஒரு நிபந்தனையோடு. செய்தவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர். அந்த இரண்டாமவர் ஒவ்வொரு போல்ட்டிலும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்து, பெயிண்ட் மார்க்கரால் தலையின் குறுக்கே, பக்கத்துப் பாகம் வரை ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடில்லாத போல்ட் இறுக்காத போல்ட். இந்தப் பழக்கத்தைப் பிரேக்கோடு நிறுத்தாமல் அச்சு, ஹேண்டில், கிளாம்ப் எல்லாவற்றுக்கும் கொண்டுவரலாம்.

டிஸ்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதைவிடத் தேய்ந்திருந்தால் பேச்சே இல்லை. பிரேக் ஆயில் என்ன வகை என்பது மூடியில் இருக்கும். டாட் 3, 4, 5.1 ஒரு குடும்பம். டாட் 5 என்பது சிலிக்கான், அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. சிலிக்கான் அல்லாத வகைகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4க்குக் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்கிறது தரநிலை. ஈரம் ஏறிய பின் அதே ஆயிலுக்கு 155 டிகிரி இருந்தாலே போதும் என்கிறது. இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது ஆயில் கொதித்து லீவர் தொளதொளவென்று உள்ளே போவது இதனால்தான். எப்போதோ திறந்து வைத்த பாட்டிலை நண்பர் கொண்டுவந்தால் நன்றி சொல்லி ஓரமாக வையுங்கள். பெயிண்டையும் அது அரிக்கும் என்பதால் டேங்கின் மேல் துணி போட்டுவிட்டு வேலை செய்யுங்கள்.

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில், பிரேக் ஆயிலில் சேர்ந்த காற்றை எடுக்கச் சில மாடல்களுக்குக் கண்டறியும் கருவி தேவைப்படும். அதற்கு மட்டும் சர்வீஸ் பட்டறைக்குப் போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

டயரில் பட்டன் (சாலையைப் பிடிக்கும் மேடுகள்) நன்றாக இருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா?

பக்கவாட்டில் நான்கு இலக்கம் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. நின்ற வண்டியின் டயர் தேயாமலே கெட்டுப்போகும். ரப்பர் கெட்டியாகி, மடிப்புகளில் வெடிப்பு தெரிந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள்.

பெயிண்ட் முதலிலா, கடைசியிலா?

வண்டியை ஒருமுறை முழுதாகப் பூட்டி, ஓட்டிப் பார்த்து, எல்லாம் பொருந்துகிறது என்று தெரிந்த பிறகு. நண்பர்கள் எல்லோரும் முதலில் பேச விரும்புவது நிறத்தைப் பற்றித்தான். பேசட்டும். பளபளவென்று பெயிண்ட் அடித்த சேசிஸில் ஒரு பிராக்கெட் வெல்டிங் வைக்க வேண்டிவந்தால் அழுகைதான் வரும். சேசிஸ் எண் பொறித்த இடத்தைத் தேய்க்கவோ தடிமனாகப் பெயிண்ட் பூசி மறைக்கவோ வேண்டாம். பல நாடுகளில் அது சட்டச் சிக்கல்.

பாகங்கள் எங்கும் கிடைக்கவில்லை என்றால்?

அதே மாடலில் இன்னொரு செத்த வண்டியை வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். முன்பக்கம் அடிபட்ட உங்கள் வண்டிக்குப் பின்பக்கம் அடிபட்ட வண்டி சரியான ஜோடி. எந்த மாடலை எடுக்கலாம் என்று இன்னும் முடிவு செய்யாதவர்கள், அதிகம் விற்ற மாடலாகப் பாருங்கள். 1958இல் வந்த ஹோண்டா சூப்பர் கப் 2017க்குள் பத்துக் கோடிக்கு மேல் தயாரிக்கப்பட்டது. அப்படிப்பட்ட வண்டிக்கு ஒரு கேஸ்கெட்டுக்காக அலைய வேண்டியிருக்காது. அபூர்வ வண்டி வைத்திருப்பவர்கள் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரைச் சம்பாதித்துக்கொள்ளுங்கள்.

நண்பர் கை தவறி எதையாவது உடைத்துவிட்டால் யார் பொறுப்பு?

நீங்கள்தான். சம்பளம் வாங்காமல் வந்தவரிடம் நஷ்டஈடு கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. இதை முதல் நாளே எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிடுவது நல்லது. உடைத்தவர் மறைக்காமல் சொல்வார். மரை போனதை மறைத்துப் பசை வைத்து ஒட்டிய போல்ட்டைவிட, “மரை போச்சுடா மச்சான்” என்று சொல்லி வந்த போல்ட் எவ்வளவோ மேல். அதற்குப் புது மரைச் சுருள் போட்டுவிடலாம்.

பணக் கணக்கு வேறு. நண்பர் தன் கையிலிருந்து வாங்கிவந்த சின்னச் சாமானுக்கும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். இரவல் வாங்கிய கருவியைத் துடைத்துத் திருப்பிக் கொடுங்கள்.

பாதுகாப்பில் பலர் தவறவிடுவது எது?

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து மூலையில் இருக்கும் சுவிட்ச் வரை போகும். ஆகவே டேங்க் வேலை எப்போதும் வெளியே. மூடிய அறையில் இன்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையே கிடையாது என்பதால் தெரியாமல் மயங்குவீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், காற்றடித்துத் தூசி பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த பாகத்தை வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும், இது பட்டறைக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. வண்டியை எப்போதும் இரண்டு இடத்தில் தாங்கி நிறுத்துங்கள். அடியில் படுத்திருப்பவர் உங்கள் சிநேகிதர்.

எல்லாம் பூட்டியாயிற்று. முதல் ஸ்டார்ட் எப்படி?

தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றி ஆயிலை மேலே ஏற்றுங்கள், பிறகு பிளக். ஸ்டார்ட் ஆனதும் எல்லோரும் ஆக்சிலரேட்டரை முறுக்கக் கை நீட்டுவார்கள். வேண்டாம். மிதமான வேகத்தில் ஓடவிட்டு ஒருவர் ஆயில் கசிவையும், ஒருவர் பெட்ரோல் கசிவையும், ஒருவர் சைலன்சர் புகையையும் பாருங்கள். தொடக்கத்தில் வரும் வெண்புகை உள்ளே ஊற்றிய ஆயில் எரிவதாகவோ நீராவியாகவோ இருக்கலாம். நின்றுவிட வேண்டும். நீலப்புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது.

முதல் ஓட்டம்? நண்பர்களும் ஓட்டிப் பார்க்கக் கேட்கிறார்களே?

முதலில் நீங்கள் மட்டும், ஆளில்லாத இடத்தில், நடை வேகத்தில். முன் பிரேக், பின் பிரேக் தனித்தனியாக. பிறகு ஹேண்டிலை லேசாகப் பிடித்தபடி நேராகப் போகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் மறுபடி நூலை எடுக்க வேண்டியதுதான். ஹேண்டில் நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல நின்றால் கோன்செட் குழி விழுந்திருக்கிறது. செயினில் கிளிப் லிங்க் இருந்தால் அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கிறதா என்று கிளம்பும் முன் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, இன்ஜின் ஆறியதும், மார்க்கர் கோடுகள் எல்லாம் இழுத்தபடியே நேராக நிற்கின்றனவா என்று சுற்றி வாருங்கள். புது ஸ்போக் போட்ட சக்கரத்தில் கோட்டம் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், செயின் தளர்ந்திருக்கும், ஆயில் மட்டம் சற்று இறங்கியிருக்கும். இந்தச் சுற்று முடிந்து, இன்சூரன்சும் பதிவுத் தாள்களும் நடப்பில் இருந்தால், சாவியைக் கொடுங்கள். ஹெல்மெட்டோடு, ஒருவர் பின் ஒருவராக. பெட்ரோல் போட்டுவிட்டு வரச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.